போன் கொடுக்கும் முன்...

"என் பொண்ணு போன்லேயே எல்லாம் கத்துக்கறா!" என்று பூரிக்கும் தாய்மார்களே, என்ன கத்துக்கிட்டாள் என்று பார்த்தீர்களா?

தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி வழங்கினார்கள். 2012-ல் வெளியான ஆய்வில், கணக்கிலும் மொழிப் பாடத்திலும் முன்னேற்றம் தென்படவில்லை. எந்தப் பாடத்துக்கு அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஆசிரியர்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லையாம். பாவம், அவர்கள்தான் என்ன செய்வார்கள்!

வீட்டிலும் அதே கதைதான். 27-ஐயும் 15-ஐயும் கூட்டும்போது "மீதி 1" எங்கிருந்து வந்தது என்று புரிய வேண்டுமா? ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டச் சொல்லுங்கள், போன் வேண்டாம். ல, ள, ழ தடுமாறுகிறதா? அதற்குப் போன்தான் உசத்தி. பிள்ளை வாசிப்பதைப் பதிவு செய்து அவளுக்கே போட்டுக் காட்டுங்கள். "வாளைப்பளம்னா சொன்னேன்?" என்று அவளே சிரிப்பாள். திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். சரியாக வந்ததும் போனை வாங்கி வைத்துவிடலாம்.