நுவரெலியாவில் பாதசாரிகளுக்கு இடமெங்கே?

கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ள நுவரெலியா, ஏப்ரல் மாத வசந்த காலத்தில் உல்லாசப் பயணிகளால் நிரம்பி வழிகின்றது. வீதியோரங்கள் வாகனத் தரிப்பிடங்களாகின்றன. தற்காலிகக் கடைகளும் முளைக்கின்றன. நடைபாதை இல்லாத இடங்களில் பாதசாரிகள் வாகனங்களுக்கு இடையே நடக்க வேண்டியுள்ளது. பனிமூட்டம் சூழ்ந்த வளைவுகளில் சாரதிகள் அவர்களைக் காண்பதும் கடினம்.

பயணிகள் சில நாட்களில் திரும்பிவிடுவர். பாடசாலை மாணவரும் தோட்டத் தொழிலாளரும் ஆண்டு முழுவதும் இவ்வீதிகளிலேயே நடக்கின்றனர்.

பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், நகரின் உள்வீதிகள் மாநகர சபைக்கும் உரியவை. பொறுப்பு பகிரப்பட்டிருப்பதால் நடைபாதை எவரது கடமையுமன்று என்றாகிவிடக் கூடாது. அடுத்த வசந்த காலத்துக்கு முன்னர் இரு தரப்பினரும் கூடி, வாகனத் தரிப்பிடங்களைத் தனியாக ஒதுக்கி, தொடர்ச்சியான நடைபாதைகளை அமைப்பது அவசியமாகும்.