முடிவும் நிறுவலும்

அறிந்ததை எழுதுவது வேறு. பிறர் ஆராய்ந்து ஏற்குமாறு எழுதுவது வேறு. கல்விசார் எழுத்து இரண்டாவதைக் கோருகிறது. கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும்.

கும்பகோணத்தில் மாணவராக இருந்தபோது, கார் என்பவர் தொகுத்த கணித நூல் அவருக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான முடிவுகளை அடுக்கித் தந்த அந்நூலில் விரிவான நிறுவல்கள் அரிது. தாள் வாங்கப் பொருளில்லாத இராமானுஜன் கற்பலகையில் கணக்கிட்டு, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதினார். வழிமுறை பலகையோடு அழிந்தது.

இப்பழக்கம் அவருக்குத் தடையாயிற்று. 1911இல் இந்தியக் கணிதக் கழக இதழில் வெளியான அவருடைய கட்டுரை, தெளிவின்மையால் பலமுறை திருத்தத்திற்குத் திரும்பிய பின்னரே அச்சேறியது. 1913இல் அவர் எழுதிய மடலைக் கண்டு வியந்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டியும் நிறுவல்களையே கேட்டார். ஏனெனில், அம்முடிவுகளுள் புதியனவும் இருந்தன. முன்பே அறியப்பட்டனவும் பிழையானவையும் இருந்தன.

1914இல் டிரினிட்டி கல்லூரியை அடைந்த இராமானுஜன், ஹார்டி, லிட்டில்வுட் ஆகியோரின் துணையுடன் நிறுவும் முறையைப் பயின்றார். எண் 12க்கு ஆறு காரணிகள் உள்ளன; அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. இத்தகைய எண்களைப் பற்றி, படிப்படியான நிறுவல்களுடன் 1915இல் அவர் நெடுங்கட்டுரை வெளியிட்டார். அவ்வாய்வுக்காக 1916இல் பட்டமும் பெற்றார்.

மேதைக்கும் வழிமுறையை எழுதிக்காட்டும் கடமை உண்டு. நம் கட்டுரையிலும் ஒவ்வொரு கருத்தின் அருகே 'எவ்வாறு அறிந்தேன்?' என்னும் வினாவுக்கு விடை இருத்தல் வேண்டும்.