பின்னால் வந்தவர் ஏன் முன்னால் போனார்?

போன மாதம் அத்திபெலேயில் எங்கள் படிப்பு வகுப்பில் ஒரு பெரிய பேச்சு. பாடத்தைப் பற்றி அல்ல. ஆஸ்பத்திரியைப் பற்றி.

ஓர் அக்கா கோபமாகச் சொன்னார்:

"என் பையனுக்குக் கை முறிந்து விட்டது. வலியில் அலறினான். நாங்கள்தான் முதலில் போனோம். எங்களை உட்கார வைத்து விட்டார் நர்ஸ். பின்னால் வந்த ஒரு பெரியவரை உடனே உள்ளே கூட்டிப் போனார். அந்தப் பெரியவர் வாயே திறக்கவில்லை. ஆள் பார்த்துத்தானே செய்கிறார்கள்?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸிடம் கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்:

"அந்தப் பெரியவருக்கு வேர்த்திருந்ததா? நெஞ்சில் கை வைத்திருந்தாரா?"

அக்காவிடம் கேட்டேன். ஆமாம், சட்டை நனைந்திருந்தது என்றார்.

ரேஷன் கடையில் முதலில் வந்தவருக்கு முதலில் அரிசி. அவசரப் பிரிவில் அந்த வரிசை கிடையாது. யார் உயிர் முதலில் போகுமோ, அவருக்கு முதல் இடம். நோயாளிகளை இப்படிப் பிரிப்பதற்கு ட்ரையாஜ் என்று பெயர். இது பிரெஞ்சு மொழிச் சொல். சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் நெப்போலியன் படையில் லாரே என்ற மருத்துவர் இருந்தார். அதிகாரியா, சாதாரணச் சிப்பாயா என்று அவர் பார்க்கவில்லை. காயம் யாருக்குக் கடுமையோ, அவரை முதலில் கவனித்தார்.

இன்று வாசலிலேயே நர்ஸ் இதைச் செய்கிறார். அவருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் நேரம். மூச்சு வழி திறந்திருக்கிறதா? மூச்சு சரியாக வருகிறதா? நாடி எப்படி? ரத்தம் போகிறதா? கூப்பிட்டால் விழிக்கிறாரா? பெரியவர்கள் ஒரு நிமிடத்தில் 12 முதல் 20 முறை மூச்சு விடுவார்கள். அது 30-ஐத் தாண்டினால் ஆபத்து. பிறகு நிறம் தருவார். சிவப்பு என்றால் உடனே. மஞ்சள் என்றால் அடுத்தது. பச்சை என்றால் காத்திருக்கலாம். பக்கத்தில் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் இந்த மூன்று நிறங்கள் உண்டு.

சத்தம் போடுகிறவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தமே போடாதவரைப் பார்த்துத்தான் நர்ஸ் பயப்படுகிறார். நெஞ்சு வலி என்று வந்தால் 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். பாம்பு கடித்தவர் சிரித்துப் பேசினாலும் காக்க வைப்பதில்லை.

2023 அக்டோபர் 7-ஆம் தேதி நம் ஊரில் பட்டாசுக் கடை எரிந்ததை நாம் மறக்க முடியாது. தீபாவளி வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த இளைஞர்கள் உட்படப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தீக்காயத்தில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். காலில் சுட்டவர் துடிப்பார். முகத்தில் சுட்டவர் எழுந்து நடப்பார், பேசுவார். ஆனால் மூக்கு முடி கருகி, குரல் கம்மியிருந்தால் அவர்தான் சிவப்பு. உள்ளே தொண்டை வீங்கிக்கொண்டே வரும். சிறிது நேரத்தில் மூச்சு அடைத்துவிடும்.

நிறம் மாறவும் செய்யும். தலையில் அடிபட்டவர் நன்றாகப் பேசுவார், பிறகு தூங்கி வழிவார். அது தூக்கம் அல்ல. கை முறிந்தவருக்கு விரல் நீலமாகி, சில்லிட்டு, மரத்துப் போகலாம். அப்போது பேசாமல் உட்கார்ந்திருக்காதீர்கள். "சிஸ்டர், இப்போது மாறிவிட்டது, ஒருமுறை பாருங்கள்" என்று கூப்பிடுங்கள். கத்த வேண்டாம். என்ன மாறியது என்று சொன்னால் போதும். எத்தனை மணிக்குத் தொடங்கியது, சர்க்கரைக்கு மாத்திரை உண்டா என்பதையும் சொல்லுங்கள். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் நேரம் முக்கியம்.

நம் ஊர் ஓசூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது. விபத்துக்குக் குறைவில்லை. "போலீஸ் வரட்டும்" என்று யாராவது சிகிச்சையைத் தள்ளிப் போட்டால் அது தவறு. முதலில் சிகிச்சை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. ஆம்புலன்ஸுக்கு 108.

இதையெல்லாம் வகுப்பில் படித்துக் காட்டினேன். பையனுக்குக் கட்டுப் போட்டது ஒரு மணி நேரம் கழித்துத்தான் என்று அக்கா மறுபடி முணுமுணுத்தார். அதுவும் நியாயமான வருத்தம்தான். ஏன் காத்திருக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அக்காவே கேட்டார்:

"அந்தப் பெரியவர் பிழைத்தாரா, தெரியுமா?"