குடல் திருப்பித் தரும் நீர்

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் போக்கு மிகும் என்று அஞ்சும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வச்சம் சரிதானா என்று அறியவேண்டுமாயின், குடலின் தொழிலைச் சற்றே தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

நாள்தோறும் உணவாகவும் பானமாகவும் சுமார் 2 லிட்டர் நீர் நம் வயிற்றினுள் செல்கிறது. செரிமானத்தின் பொருட்டு உடல் தன் கையிருப்பிலிருந்து அங்கே சுரப்பதோ சுமார் 7 லிட்டர்! வாயில் உமிழ்நீர், இரைப்பையில் அமிலம் கலந்த நீர், அதற்கப்பால் பித்தநீர், கணையநீர், குடல்நீர் என வழிநெடுக உணவு நனைகிறது. சோற்றின் மாவுப்பொருள் சர்க்கரையாகவும், பருப்பின் புரதம் அமினோ அமிலங்களாகவும் பிரிவது இந்நீர்களாலேதான்.

இந்த 9 லிட்டரும் எங்கே போகிறது? மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லிலிட்டர்தான். எஞ்சியதில் பெரும்பகுதியைச் சிறுகுடலும், மிச்சத்தைப் பெருங்குடலும் உறிஞ்சி இரத்தத்தில் சேர்த்துவிடுகின்றன. கொடுத்த கடனை வசூலிப்பதும் குடலின் தொழிலே ஆகும்.

காலரா நோயில் இவ்வசூல் தடைப்படுகிறது. கிருமியின் நஞ்சினால் நீரும் உப்பும் மடை திறந்தாற்போல் குடலுக்குள் பாய்கின்றன. சில மணி நேரத்தில் உடல் வற்றி உயிர் ஊசலாடுகிறது. எனினும் ஒரு வாயில் மட்டும் அடைபடுவதில்லை. குளுக்கோசும் சோடியமும் சேர்ந்தே உட்புகும் வழி அது. 1960-இல் இராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் இதனை எடுத்துரைத்தார். அவ்விரண்டும் புகுந்தால் நீரும் அவற்றைப் பின்தொடரும்.

1971-இல் வங்காளதேசப் போரின்போது, மேற்கு வங்க எல்லையிலுள்ள போங்காவ்னில் அகதிகளிடையே காலரா பரவிற்று. இரத்தக் குழாய் வழியே ஏற்றும் உப்புநீர் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் நீரில் கரைத்துக் கொடுத்தார். உறவினர்களே அதனை நோயாளிகளுக்குப் புகட்டினர். நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்ட நிலை மாறி, அவருடைய பராமரிப்பில் இருந்தோரிடையே இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கிற்று.

ஆகவே, போக்கு கண்டால் நீரை நிறுத்தலாகாது. மருந்தகத்தில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமே சிறந்தது. அது கைவசம் இல்லையேல், காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் நீரில், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டலாம். உப்பு அளவு மீறினால் தீங்கு நேரும். குழந்தை சோர்ந்து துவண்டாலோ, குடிக்க இயலாமற் போனாலோ, சற்றும் தாமதியாமல் மருத்துவரிடம் கொண்டு செல்லல் வேண்டும். போகும் வழியிலும், குடிக்க முடிந்தவரை, கரைசலைப் புகட்டிக்கொண்டே செல்லுங்கள்.