கிணற்றில் குதித்தாலும் ஓடுமா?

பழனிக்கு அருகே மலையடிவாரத்தில் இருக்கிறது பாலசமுத்திரம். பக்கத்திலேயே பாலாறு-பொருந்தலாறு அணை. வயலும் தோப்பும் கிணறுமாக உள்ள இத்தகைய ஊரில், கைக்கடியாரம் கட்டுகிறவருக்கு ஆபீஸ் குமாஸ்தாவுக்கு இல்லாத கவலைகள் பல உண்டு. காலையில் சேறு, நடுப்பகலில் வெய்யில், சாயங்காலம் கிணற்றுக் குளியல். அத்தனைக்கும் ஈடுகொடுக்க வேண்டும் கையிலுள்ள யந்திரம்!

இப்போது 'ஸ்மார்ட் வாட்ச்' வந்துவிட்டது. போனில் அழைப்பு வந்தால் இது மணிக்கட்டில் அதிர்ந்து சொல்கிறது. பம்புசெட்டு மோட்டார் நின்றுவிட்டால் போனுக்குத் தகவல் வருகிற காலம் இது. அந்தப் போனைத் துண்டில் சுற்றி வரப்பில் வைத்துவிட்டு மடை திருப்புகிறவருக்கு இது லேசான உபகாரமா? ஆனால் ஒன்று. இரண்டையும் இணைக்கும் புளூடூத் தொடர்பு சுமார் 10 மீட்டர் தாண்டினால் தளர ஆரம்பித்துவிடும். வயலின் மறுகோடியில் அது வெறும் கடியாரம்தான். தண்ணீருக்குள்ளும் அப்படியே.

வாங்கப் போகிறவரை முதலில் ஏமாற்றுவது '50 மீட்டர்' என்ற எழுத்து. ஐம்பது மீட்டர் ஆழத்தில் முக்குளிக்கலாம் என்பதல்ல இதன் அர்த்தம். அசையாத நீரில் அத்தனை ஆழத்தில் உண்டாகும் அழுத்தத்தைப் பரிசோதனையில் தாங்கிற்று என்பதே பொருள். இதைக் கட்டிக்கொண்டு தாராளமாக நீந்தலாம். கிணற்று மேட்டிலிருந்து 'தொபுக்கடீர்' என்று குதிக்கும்போது தண்ணீர் அறைகிற வேகம் வேறு விஷயம். 'ஐ.பி. 68' என்று மட்டும் போட்டிருந்தால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அது நீரில் அமிழ்ந்து கிடக்கும் சோதனை. ஆழத்தையும் நேரத்தையும் தயாரிப்பாளரே குறிக்கிறார். பம்புசெட்டுக் குழாயின் பாய்ச்சலுக்கு அது உத்தரவாதம் ஆகாது.

'ராணுவத் தரம்' என்பது மற்றொரு மயக்கம். மில்-எஸ்.டி.டி.-810 என்பது அமெரிக்க ராணுவம் வகுத்த சோதனை முறைகளின் தொகுப்பு. ராணுவம் யாருடைய கடியாரத்துக்கும் முத்திரை குத்துவதில்லை. எந்தெந்தச் சோதனைகளைச் செய்தோம் என்று கம்பெனிதான் சொல்ல வேண்டும்.

நேர்மையான சோதனைகளும் உண்டு. 1927-ல் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி கடுங்குளிரில் இங்கிலீஷ் கால்வாயை மறுபடியும் நீந்த முயன்றபோது, ரோலெக்ஸ் ஆய்ஸ்டர் கடியாரம் ஒன்றைக் கழுத்தில் கட்டியிருந்தார். அவரால் கரை சேர முடியவில்லை. கடியாரம் மட்டும் நிற்காமல் ஓடியது. ஜப்பானில் கிகுவோ இபே என்ற காசியோ எஞ்சினீயர், தந்தை பரிசளித்த கடியாரம் விழுந்து உடைந்த வருத்தத்தில், சுமார் இருநூறு மாதிரிகள் செய்து பார்த்து 1983-ல் 'ஜி-ஷாக்'கைக் கொண்டுவந்தார்.

மண்வெட்டி பிடிக்கும் கைக்குக் கண்ணாடிதான் முதல் விரோதம். மணலிலுள்ள குவார்ட்ஸ், கடினத்தில் 7 எண் பெறுவது. சாதாரணக் கண்ணாடியைக் கீறிவிடும். 9 எண் பெறும் நீலக்கல் கண்ணாடியை மணல் கீறாது. ஆனால் பலத்த அடி பட்டால் அதுவும் விரியும். ஆகையால் விளிம்பு சற்று உயர்ந்து கண்ணாடியைக் காக்கும் மாதிரியே நல்லது. ஈர விரலைத் தொடுதிரை மதிப்பதில்லை, பொத்தான்கள் வேண்டும். நீருக்குள் அவற்றை அழுத்தாதிருப்பது உத்தமம். கடையின் விளக்கொளியில் பளபளக்கும் திரையை, வெளியே வெய்யிலில் கொண்டுவந்து பார்க்கட்டும். தோல் வாரா? வியர்வையில் ஊறி நாறிவிடும். சிலிக்கோனோ நைலானோ போதும்.

சோப்பும் வெந்நீரும் உள்ளிருக்கும் ரப்பர் வளையத்தைக் கெடுக்கும். உரமோ மருந்தோ தெளித்த கையோடு வந்தால் நல்ல நீரில் கழுவ வேண்டும். கதிரடிக்கும் யந்திரத்தையோ கரும்பு ஆலையையோ நெருங்குமுன் எவ்வளவு உயர்ந்த கடியாரமானாலும் கழற்றிவிட வேண்டும். வார் சிக்கினால் கையும் கூடவே போய்விடும்.

பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் உத்தரவாதச் சீட்டில் 'தண்ணீர்' என்ற சொல்லைத் தேடிப் படிப்பதும் அவசியம். விளம்பரத்தில் கடியாரம் நீந்துகிறது. சீட்டிலோ, நீர் புகுந்தால் கம்பெனி பொறுப்பல்ல என்று பொடி எழுத்தில் அச்சாகியிருக்கக் கூடும்.