ஸ்கேனைப் பார்த்துச் சொல்லுங்கள் டொக்டர்

கண்டியின் ஈரக்காற்றில் பீனிசத்தோடு காலம் தள்ளுகிறவர்கள் ஏராளம். ஆவி பிடித்து, மாத்திரை போட்டு, ஒன்றும் சரிவராமல் காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குப் போய், "ஒப்பரேஷன் செய்தால் நல்லது" என்ற வார்த்தையைக் கேட்டதும் பெரும்பாலானோர் விசாரிப்பது இரண்டே விஷயங்கள்: எப்போது, எத்தனை நாள் வார்டில் தங்க வேண்டும்? இன்னொன்றையும் கேட்க வேண்டும். "என்னுடைய சி.டி. ஸ்கேனில் மூக்குக்கு மேலே உள்ள எலும்பு எப்படி இருக்கிறது?"

மூக்கின் கூரைதான் மூளையின் தரை. இரண்டுக்கும் நடுவே கிடப்பது மண்டையோட்டின் அடித்தளம். நரம்புகளும் இரத்தக் குழாய்களும் போய்வரும் துளைகள் அதில் பல உண்டு. பாடப்புத்தகப் படத்தில் உள்ளபடி அவை எல்லாருக்கும் அமைவதில்லை. ஒரே தலையில் வலமும் இடமும்கூட ஒத்திருப்பதில்லை. மூளையிலிருந்து இரத்தத்தை இறக்கும் பெரிய நாளத்தின் துளை பலருக்கு வலப்பக்கத்தில் பெரிதாக இருக்கும். சிலருக்கு ஏதோவொரு சிறு துளை இருக்காது, சிலருக்குக் கூடுதலாக ஒன்று இருக்கும். இது நோயல்ல, ஊனமுமல்ல. கத்தியோ ஊசியோ அந்த இடத்துக்குப் போகும்வரை ஆயுள் முழுக்க இதை அறியாமலே வாழ்ந்துவிடலாம்.

பேராதனையில் மருத்துவ பீடம் தொடங்கிய அதே 1962இல், கேரோஸ் என்பவர் மூக்கின் கூரையை அளந்து ஒரு வகைப்பாட்டை வெளியிட்டார். மணத்தை உணரும் நரம்புகள் இறங்கும் பள்ளத்தின் ஆழம் சிலருக்கு 1 முதல் 3 மி.மீ., சிலருக்கு 4 முதல் 7, இன்னும் சிலருக்கு 8 முதல் 16 வரை. பள்ளம் ஆழமாக ஆக, அதன் பக்கச்சுவர் உயர்ந்து கருவிக்கு எதிரே வந்து நிற்கிறது. அந்தச் சுவரின் தடிப்பு 0.05 முதல் 0.2 மி.மீ. வரைதான். முட்டை ஓட்டைவிட மெல்லியது. அது உடைந்தால் மூளையைச் சூழ்ந்துள்ள நீர் மூக்கு வழியே கசியும், அந்த ஓட்டை வழியே கிருமி ஏறி மூளைக்காய்ச்சல் வரலாம். இன்னும் பின்னால், ஸ்பீனொயிட் சைனஸ் என்ற காற்றறையின் சுவரை ஒட்டி மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் நாடி ஓடுகிறது. சிலருக்கு அதன் மேல் எலும்பே இருக்காது. சைனஸின் உள்தடுப்பு நேராக அந்த நாடியின் சுவரில் போய் ஒட்டியிருப்பவர்களும் உண்டு. அதைத் தெரியாமல் முறுக்கி எடுத்தால் நாடி கிழியும். பார்வை நரம்பு சைனஸ் அறைக்குள்ளேயே துருத்திக்கொண்டிருப்பவர்களுக்குக் கண்ணே போகலாம்.

இப்படிப்பட்ட விபத்துகள் அரிது. பயந்து ஒப்பரேஷனைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. நான் சொன்ன அமைப்புகளில் பெரும்பாலானவை சி.டி. ஸ்கேனில் முன்கூட்டியே தெரிபவை, அதற்காகத்தான் அந்த ஸ்கேன். எனவே கூச்சப்படாமல் கேளுங்கள்: "டொக்டர், எலும்பு மெலிந்த இடம் ஏதும் இருக்கிறதா? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரியா? நாடியும் கண் நரம்பும் எங்கே ஓடுகிறது?" ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் வைத்து விரலால் தொட்டுக் காட்ட ஐந்து நிமிடம் போதும். முன்பு ஒரு தடவை மூக்கில் ஒப்பரேஷன் நடந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், பழைய ஸ்கேனை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

தெல்தோட்டை, கலஹா, ஹந்தானைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே இன்னொரு சிக்கல். ஒப்பரேஷனுக்கு முன் நீட்டப்படும் சம்மதப் பத்திரம் சில வேளை சிங்களத்தில் மட்டும் இருக்கும், "இங்கே சைன் வையுங்க" என்பதோடு விளக்கம் முடிந்துவிடும். புரியாத தாளில் வைத்த கையெழுத்தை நான் சம்மதம் என்று ஏற்கமாட்டேன். அரச அலுவலர்களோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. தமிழ் தெரிந்த தாதியரையோ ஊழியரையோ அழைத்து விளக்கச் சொல்லுங்கள். மறுத்தால் 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதலாம்.

ஒப்பரேஷனே இல்லாமலும் மண்டையோட்டின் அடித்தள எலும்பு உடையும். மலைப்பாதை வளைவில் மோட்டார் சைக்கிள் சறுக்கும், மிளகு பறிக்க ஏறியவர் மரத்திலிருந்து விழுவார். தலையில் அடிபட்டபின் இரு கண்களைச் சுற்றியும் கறுத்தாலோ, காதுக்குப் பின்னால் நீலம் பாய்ந்தாலோ, குனியும்போது ஒரு மூக்குத் துவாரத்திலிருந்து தெளிந்த நீர் சொட்டினாலோ, தொண்டைக்குள் உப்புக் கரித்தாலோ அதைத் தடிமன் என்று விட்டுவிடாதீர்கள். சில நாட்கள் கழித்தும் இந்த நீர்க்கசிவு தொடங்கலாம். மூக்கைச் சிந்தக்கூடாது, பஞ்சு அடைக்கக்கூடாது, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். போனதும் நீர் வடிந்ததை மறக்காமல் சொல்லுங்கள். இந்த நிலையில் மூக்கு வழியாகக் குழாய் செலுத்துவதை வைத்தியர்கள் தவிர்ப்பார்கள்.

முள் சிக்கியதுபோலத் தொண்டையில் மாதக்கணக்கில் உறுத்தல், தலையைத் திருப்பினால் வலி என்று அலைகிறவர்களும் இருக்கிறார்கள். அதே அடித்தளத்திலிருந்து காதுக்குக் கீழே தொங்கும் ஊசி எலும்பு வழக்கமான 2.5 முதல் 3 செ.மீ. அளவைத் தாண்டி நீண்டிருப்பது காரணமாக இருக்கலாம். ஈகிள் என்ற வைத்தியர் 1937இல் இதை விவரித்தார். முழுத் தாடையையும் எடுக்கும் பல் எக்ஸ்ரேயில் அது தெரியும். வலியில்லாமல் எலும்பு மட்டும் நீண்டிருந்தால் சிகிச்சை தேவையில்லை.

ஒப்பரேஷனிலோ சிகிச்சையிலோ தவறு நடந்ததாக நினைத்தால் முதலில் வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு எழுதுங்கள். அரச வைத்தியசாலையில் உள்ள உங்கள் சொந்தப் பதிவேடுகளை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலரிடம் கோரலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். வைத்தியரின் நடத்தை பற்றிய முறைப்பாடு இலங்கை மருத்துவ சபைக்கும், தனியார் வைத்தியசாலை பற்றியது தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபைக்கும் போகும்.

நீதிமன்றம் போகிறவர்கள் பிரியானி சொய்சா வழக்கைத் தெரிந்திருப்பது நல்லது. மூளைத்தண்டில் கட்டி இருந்த சிறுமி இறந்தபின் தந்தை வைத்தியரான சொய்சாமீது வழக்குத் தொடர்ந்தார், கீழ் நீதிமன்றங்கள் இழப்பீடு வழங்கின. 2001இல் உயர் நீதிமன்றம், கவனக்குறைவு இருந்தாலும் அதனால்தான் மரணம் நேர்ந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று அந்தத் தீர்ப்பை மாற்றியது. தவறு, பாதிப்பு, இரண்டுக்கும் இடையிலான தொடர்பு ஆகிய மூன்றையும் காட்டியாக வேண்டும். அடித்தளம் மெலிந்த ஒருவருக்குக் கசிவு ஏற்பட்டது என்பது மட்டும் கவனக்குறைவு ஆகாது. ஸ்கேனில் தெரிந்ததைப் பார்க்காமல் விட்டார்களா என்பதே கேள்வி, அதற்குச் சாட்சி அந்த ஃபிலிம்தான். தனியாரில் காசு கட்டி எடுத்திருந்தால் ஃபிலிமையும் அறிக்கையையும் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

இழப்பீட்டு வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுதான் அவகாசம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் கண்டியிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்தை நாடலாம். போகும்போது கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், ஸ்கேன் ஃபிலிம் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.