கியர் எண்ணெய் சொல்லும் சேதி

1985-இல் வெளிவந்த புரோட்டான் சாகா புக்கிட் ரோத்தான் பக்கம் ஓடினால் இன்றும் திரும்பிப் பார்ப்பீர்கள். தாத்தாவின் பழைய சாகா ஆட்டோ கியர் என்று வையுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார், இன்ஜின் உறுமுகிறது, கார் நகரத் தயங்குகிறது. 'கியர்பாக்ஸ் போச்சு, விற்றுவிடலாம்' என்பார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். முதலில் கியர் எண்ணெயைப் பார்க்க வேண்டும்.

எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்று சுழன்றால், அதன் காற்று மற்றதையும் சுழற்றும் அல்லவா? ஆட்டோ கியரின் டார்க் கன்வெர்ட்டரில் காற்றின் வேலையை எண்ணெய் செய்கிறது. கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும் அதே எண்ணெய்தான். அது குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். எண்ணெயைப் போலன்றிக் காற்று எளிதில் அமுங்கிவிடும். தட்டுகளின் பிடி நழுவும்.

சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, சூடான இன்ஜின் ஓடும்போதே தாத்தாவை அளவுகோலை உருவச் சொல்லுங்கள். (இன்ஜினை நிறுத்தினால் எண்ணெய் கீழே வடிந்து, அளவு கூடுதலாகக் காட்டும்.) வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு போதும். கறுத்துக் கருகிய வாடை அடித்தால் தட்டுகள் எரிந்திருக்கின்றன. பால் கலந்த இளஞ்சிவப்பு என்றால் தண்ணீர் புகுந்துள்ளது. பெரும்பாலும் ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பானில் ஓட்டை. அதன்பின் காரை ஓட்டவே கூடாது. தெளிந்த சிவப்பாக இருந்து, அளவு மட்டும் குறைந்திருக்கிறதா? கசிவை அடைத்து எண்ணெய் ஊற்றினாலே சாகா மறுபடி கிளம்பிவிடலாம்.